உள்ளே இருப்பவர்களோடு பேசுவது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையை அடுத்த அலங்காநல்லூர், பாலமேடு பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண் திடீரென்று சாப்பாட்டைத் தள்ளிவைத்து, யாரோடும் பேசாமல், ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தால், பல வீடுகளில் ஆஸ்பத்திரிக்கு முன்னால் கோடாங்கிதான் ஞாபகத்துக்கு வருவார். உடுக்கை அடித்து, விபூதி போட்டு அவர் கேட்கிற கேள்விகள் ஊருக்கே மனப்பாடம். யார் நீ? எந்த ஊரு? எப்ப வந்த? எதுக்கு இந்தப் புள்ளையப் பிடிச்ச? என்ன வேணும் உனக்கு? கொடுத்தா போயிருவியா? பதிலும் வரும். சில நேரம் சேவல் கேட்கும், சில நேரம் மல்லிகைப்பூ கேட்கும். சில நேரம் அந்த வீட்டில் யாரும் வாய்திறந்து சொல்லாத ஒரு அவமானத்தை நடுவாசலில் போட்டு உடைக்கும்.

அமெரிக்காவின் சிகாகோவில் 1980களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்வார்ட்ஸ் என்ற குடும்பச் சிகிச்சையாளர், கோடாங்கியைக் கேள்விப்படாமலே, ஏறத்தாழ இதே கேள்விகளுக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் அவரிடம் கிடையாது. பேசுவது வெளியிலிருந்து வந்த ஒன்று என்று கோடாங்கி நினைக்கிறார், அதனால் விரட்டுகிறார். பேசுவது அந்த மனுஷியின் ஒரு பகுதிதான் என்று ஸ்வார்ட்ஸ் நினைத்தார், அதனால் இருக்கச் சொல்லி வேலையை மாற்றிக் கொடுத்தார். இதைப் பிடித்துக்கொண்டால் முறையின் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

அந்த முறைக்கு இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ் என்று பெயர். ஐஎஃப்எஸ் என்று சுருக்குவார்கள். நம் ஊரில் அப்படிச் சொன்னால் 'பரீட்சை எப்போ?' என்று கேட்பார்கள், அதனால் இங்கே உட்குடும்ப முறை என்றே வைத்துக்கொள்வோம்.

## தொடங்கும் முன்: யாருக்கு இது, யாருக்கு இல்லை

2005இல் 'சந்திரமுகி'யும் 'அந்நிய'னும் அடுத்தடுத்து வந்தன. அதற்குப் பிறகு 'எனக்குள்ள இன்னொரு ஆளு இருக்கான்' என்று யாராவது சொன்னால் கேட்பவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். அந்தப் படங்கள் மிகையாகக் காட்டியது ஓர் அரிய மனநோய். அதில் ஒருவராக இருந்தபோது செய்தது மற்றவராக இருக்கும்போது நினைவில் இராது. உட்குடும்ப முறை பேசுவது எல்லாரிடமும் இருக்கிற சாதாரண விஷயம்.

தை மூன்றாம் நாள் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு வாடிவாசலில் இறங்கப் பெயர் பதிந்திருக்கும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரி தூக்கம் வரவில்லை. 'குத்து வாங்கிப் படுத்தவனைப் பார்த்தேல்ல, பேசாம வீட்ல கெட' என்கிறது ஒரு குரல். 'இப்பப் பின்வாங்குனா ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமா?' என்கிறது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், அம்மா முகத்தை நினைத்துக் கலங்கும் ஒரு சின்னப் பையன். மூன்று பேரும் அவன்தான். விடிந்த பிறகும் மூன்று பேர் சொன்னதும் அவனுக்கு நினைவிருக்கும். இதில் நோய் எதுவும் இல்லை.

ஆனால் காதில் நிஜமாகவே ஆள் இல்லாத குரல் கேட்கிறது, அக்கம்பக்கத்தார் எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற உறுதி வந்துவிட்டது, சாக வேண்டும் என்ற எண்ணம் சுற்றிச் சுற்றி வருகிறது, தினமும் குடித்தவர் திடீரென நிறுத்திக் கைகால் நடுங்குகிறது என்றால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள். மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர் இதைப் படித்துவிட்டு ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. கோடாங்கியிடமோ கோயிலுக்கோ போவதாக இருந்தால் போய் வாருங்கள், நான் தடுக்கவில்லை. அதே வாரத்தில் டாக்டரையும் பாருங்கள்.

## எங்கிருந்து வந்தது

நெஞ்சை எதிரே உட்காரவைத்துப் பேசுவது தமிழுக்குப் புதிதில்லை. திருக்குறளின் காமத்துப்பாலில் 'நெஞ்சொடு கிளத்தல்' 125ஆம் அதிகாரம், 'நெஞ்சொடு புலத்தல்' 130ஆம் அதிகாரம். தலைவி தன் நெஞ்சிடம் யோசனை கேட்கிறாள், அப்புறம் அதனோடேயே கோபித்துக்கொள்கிறாள்.

மேற்கில் இதைச் சிகிச்சையாக்கியவர்கள் பலர். இத்தாலியின் ராபர்ட்டோ அசஜோலி ஒருவருக்குள் பல துணை ஆளுமைகள் இருப்பதாகச் சொன்னார். ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ் காலி நாற்காலியைப் போட்டு அதனோடு பேசச் சொன்னார். 1964இல் 'கேம்ஸ் பீப்பிள் ப்ளே' எழுதிப் பிரபலமான எரிக் பெர்ன், ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு பெற்றோர், ஒரு வளர்ந்தவர், ஒரு குழந்தை என மூன்று நிலைகள் உண்டு என்றார். தென்னிந்தியாவில் நன்றாக வேரூன்றியது இந்தக் கடைசி முறைதான். கொச்சியில் ஜெசூட் பாதிரியார் ஜார்ஜ் கண்டத்தில் வளர்த்தெடுத்த டிரான்ஸாக்ஷனல் அனாலிசிஸ் பயிற்சி கோயம்புத்தூர் வரை பரவியிருக்கிறது. உள்ளூரில் ஒரு கவுன்சலர் 'உங்களுக்குள்ள இருக்கிற குழந்தை என்ன சொல்லுது?' என்று கேட்டால், பெரும்பாலும் அவர் அந்த வழியில் வந்தவராக இருப்பார்.

ஸ்வார்ட்ஸ் வந்த பாதை வேறு. அளவுக்கு மீறித் தின்றுவிட்டு வாந்தியெடுக்கும் நோயுள்ள இளம்பெண்களைக் குடும்பத்தோடு உட்காரவைத்துச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். குடும்பத்தைச் சரிசெய்த பின்னும் சிலருக்கு நோய் போகவில்லை. ஏன் என்று அவர்களிடமே கேட்டார். ஒரு பகுதி திட்டுகிறது, அந்தத் திட்டில் இன்னொரு பகுதி நொறுங்குகிறது, அந்த வலி தாங்காமல் மூன்றாவது பகுதி தின்னச் சொல்கிறது என்றார்கள். வெளியே அவர் பார்த்துப் பழகிய அதே குடும்பச் சண்டை உள்ளேயும் நடந்துகொண்டிருந்தது.

முதலில் அவரும் விரட்டத்தான் பார்த்தார். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஒரு பெண்ணிடம், அப்படிச் செய்யவைக்கும் பகுதியை இந்த வாரம் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் வரை விடாமல் வற்புறுத்தினார். அடுத்த வாரம் அவள் முகத்தில் காயத்தோடு வந்தாள். ஸ்வார்ட்ஸ் உடைந்துபோய், 'உன்னோடு என்னால் மல்லுக்கட்ட முடியாது' என்று அந்தப் பகுதியிடம் சொல்லிவிட்டார். எனக்கும் உன்னோடு சண்டை போட ஆசை இல்லை என்ற பொருளில் பதில் வந்தது. அப்புறம்தான் அவர் அதனிடம் 'ஏன் இதைச் செய்கிறாய்?' என்று கேட்டார். அது ஒரு காலத்தில் அந்தப் பெண்ணை எதிலிருந்து காப்பாற்றியது என்ற கதை வெளியே வந்தது. இந்த முறையைப் பற்றி 1995இல் வந்த அவருடைய நூலுக்கும், 2021இல் வந்த 'நோ பேட் பார்ட்ஸ்' நூலுக்கும் மூலம் இதுபோன்ற அனுபவங்கள்தான்.

## உள்ளே யார் யார்

மூன்று வகையினரும், அவர்களோடு சேராத ஒருவரும்.

முதல் வகை நிர்வாகிகள். கெட்டது நடக்குமுன்னே தடுக்கப் பார்ப்பவர்கள். திட்டம் போடுவார்கள், குறை சொல்வார்கள், ஊர் என்ன சொல்லும் என்று கணக்குப் பார்ப்பார்கள். இரண்டாம் வகை தீயணைப்பவர்கள். வலி மேலே வந்துவிட்ட பிறகு எதையாவது செய்து அணைப்பவர்கள்: டாஸ்மாக், கோபம், ராத்திரி இரண்டு மணி வரை ஃபோன். வீடு நனைந்தாலும் பரவாயில்லை, தீ அணைந்தால் போதும் என்பது அவர்கள் கொள்கை. மூன்றாம் வகை ஒதுக்கப்பட்டவர்கள். அனேகமாகச் சின்ன வயதுக்காரர்கள். அவமானத்தையோ பயத்தையோ தனிமையையோ சுமந்துகொண்டு உள்ளறையில் பூட்டப்பட்டிருப்பவர்கள். முதல் இரண்டு வகையும் காவல் காப்பது இவர்களைத்தான்.

நான்காமவரை ஸ்வார்ட்ஸ் 'செல்ஃப்' என்கிறார், நாம் சுயம் எனலாம். அது ஒரு பகுதி அல்ல. எல்லாப் பகுதிகளும் கொஞ்சம் விலகி நின்றால் மிஞ்சுகிற நீங்கள். அமைதி, அறியும் ஆவல், கருணை, தெளிவு, துணிவு முதலான எட்டுக் குணங்களை அடையாளமாகச் சொல்வார்கள். எட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆவலும் கருணையும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இந்தச் சுயம் எந்த அடியிலும் சேதமாகாமல் எல்லாரிடமும் இருக்கிறது என்று ஸ்வார்ட்ஸ் சொல்வது விஞ்ஞானத்தைவிட வேதாந்தத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பேச்சு. நம்பினால்தான் முறை பலிக்கும் என்றில்லை.

இனி ஒரு கற்பனைப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். அலங்காநல்லூரில் தையல் கடை வைத்திருக்கும் 38 வயது அக்கா. மார்கழி பிறந்தால் பொங்கல் ஜாக்கெட் குவியும். அக்காவின் தொல்லை இதுதான்: தைத்து முடித்த ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்து, மறுபடி தைப்பார். வாடிக்கைக்காரிக்குத் தெரியவே தெரியாத ஒரு நூல் பிசகுக்காக. கடை மூடப் பத்தரை ஆகும். அப்புறம் படுக்கையில் ஒன்றரை மணி வரை ரீல்ஸ். காலையில் தலைவலி.

## படி 1: சின்ன விஷயமாக எடுங்கள்

தொடங்குபவர்கள் எல்லாரும் வாழ்க்கையின் பெரிய காயத்தைத் தோண்டப் போகிறார்கள். வேண்டாம். தினமும் வந்துபோகிற, எரிச்சல் தருகிற, ஆனால் உங்களைச் சாய்த்துவிடாத ஒன்றை எடுங்கள். தையல்கார அக்கா எடுத்தது அந்தப் பிரிக்கும் பழக்கத்தை.

தனியாக இருக்க அரை மணி நேரம் வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் அதுதான் கஷ்டமான படி. மொட்டைமாடி, கடை திறக்கும் முன் கிடைக்கும் நேரம், கண்மாய்க் கரை எதுவானாலும் சரி. ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். கண்ணை மூடினால் பயமாக இருந்தால் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

## படி 2: உடம்பில் எங்கே?

அந்த விஷயத்தை மனதில் கொண்டுவந்து, உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். தொண்டை, நெஞ்சு, அடிவயிறு, தோள்பட்டை. அக்காவுக்குப் பிடரியில் ஓர் இறுக்கம், பின்னாலிருந்து யாரோ குனிந்து பார்ப்பதுபோல. அந்த இடத்தில் கவனத்தை வைத்து இரண்டு மூச்சு இருங்கள். அவ்வளவுதான் இந்தப் படி.

## படி 3: அது எப்படி இருக்கிறது?

சிலருக்கு உருவம் தெரியும், சிலருக்குக் குரல், சிலருக்கு வெறும் கனம். படம் தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். அக்காவுக்குத் தெரிந்தது, கழுத்தில் இஞ்ச் டேப் போட்டுக்கொண்டு, சிரிக்கவே சிரிக்காத ஒரு தையல் டீச்சர். நிஜத்தில் அப்படி ஒரு டீச்சரிடம் அவர் படித்ததில்லை.

'அது', 'இது' என்று பேசாமல் ஆளாகவே நினைத்துப் பேசுங்கள். பெரியவர்போல் வந்தால் 'நீங்க', சின்னப் பிள்ளையாக வந்தால் 'தாயி', 'தம்பி'. வீட்டுக்கு வந்தவரிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படி.

## படி 4: அவரைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

முழு முறையும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. பொறுமையாகச் செய்யுங்கள்.

தையல் டீச்சரைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டால் அக்காவின் முதல் பதில்: 'சனியன், ஒழிஞ்சாத் தேவல. என் உசுர எடுக்குது.' இப்படிச் சொல்வது சுயம் அல்ல. டீச்சரோடு பல வருடமாக மல்லுக்கு நிற்கும் இன்னொரு பகுதி. ஒரு பகுதியை வைத்து இன்னொரு பகுதியை அடிப்பதைத்தான் நாம் வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறோம். புத்தாண்டுத் தீர்மானம், கோயிலில் சத்தியம், 'நாளையிலேர்ந்து குடிக்க மாட்டேன்' எல்லாம் இந்த வகை. அடிபட்ட பகுதி அடங்குவதில்லை. கொஞ்ச நாள் ஒளிந்திருந்து இரண்டு மடங்காக வருகிறது.

ஆகவே எரிச்சல்படும் பகுதியிடம் முதலில் பேசுங்கள்: 'உன் கோபம் நியாயம்தான். கொஞ்ச நேரம் அந்தத் திண்ணையில உக்காரு. நான் அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வர்றேன்.' ஒத்துக்கொண்டால் உடம்பே சொல்லும், மூச்சு இறங்கும். மறுபடி அதே கேள்வி. இப்போது 'பயமா இருக்கு' என்று வரலாம், அதுவும் ஒரு பகுதி. அதையும் உட்காரச் சொல்லுங்கள். 'இவங்க ஏன்தான் இப்படி இருக்காங்க?' என்று உண்மையான ஆவல் எழும்வரை இதைத் தொடர வேண்டும்.

எழவில்லை என்றால்? அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ஆவல் இல்லாமல் அடுத்த படிக்குப் போனால் கிடைப்பது நாடகம்தான். 'சரி சரி, நீயும் நல்லவதான், இப்ப இடத்தைக் காலி பண்ணு' என்று இனிப்பாகப் பேசி ஏமாற்றுகிற ஒரு நிர்வாகிப் பகுதி படித்தவர்களிடம் நிறையவே உண்டு. உள்ளே இருப்பவர்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

## படி 5: என்ன வேலை, என்ன பயம்?

ஆவல் வந்துவிட்டது. இப்போது கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், பதிலை நீங்கள் யோசித்து எழுதாதீர்கள். முதலில் வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்கா: 'நீங்க எனக்காக என்ன வேலை செய்றீங்க?'

டீச்சர்: 'தப்பு கண்டுபிடிக்கிறேன். மத்தவங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி.'

'அதைச் செய்யாம விட்டா என்ன ஆகும்?'

'நாலு பேரு உன்னப் பாத்துச் சிரிப்பாங்க.'

'எப்பருந்து இந்த வேலை பாக்குறீங்க?'

பதிலாக ஒரு காட்சி வந்தது. ஆறாம் வகுப்பு ஆண்டுவிழா. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாவாடை. மேடையில் ஆடும்போது ஓரத் தையல் விட்டுக் காலில் சிக்கியது. விழுந்தாள். பள்ளிக்கூடம் முழுக்கச் சிரித்தது.

இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'எனக்கு இப்ப என்ன வயசுன்னு நினைக்கிறீங்க?' டீச்சர் யோசிக்காமல் சொன்னார்: 'பதினொண்ணு.' அக்கா தன்னைக் காட்டினார். முப்பத்தெட்டு வயசு. சொந்தக் கடை. மூன்று மெஷின். கல்யாண ஜாக்கெட்டுக்கு வாடிப்பட்டியிலிருந்து தேடி வருகிறார்கள். டீச்சர் அதைப் பார்த்துத் திகைத்துப்போனார். இருபத்தேழு வருடமாக அவருக்கு யாரும் இந்தச் சேதியைச் சொல்லவில்லை.

பகுதிகள் பழைய தேதியிலேயே நின்றுவிடுகின்றன என்பது உட்குடும்ப முறையின் முக்கியமான கண்டுபிடிப்பு என்று நான் நினைக்கிறேன். உள்ளே எத்தனை பேர், யாருக்கு என்ன பட்டம் என்ற வகைப்பாட்டைவிட இது பெரியது.

நன்றி சொல்லுங்கள். நிஜமாகவே சொல்லுங்கள், அவர் பாடுபட்டிருக்கிறார். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் முதல் நாளை முடிப்பது நல்லது.

## படி 6: அனுமதி

டீச்சர் காவல் காத்தது அந்த மேடையில் விழுந்த பதினோரு வயதுப் பிள்ளையை. அவளைப் பார்க்க ஆசை வரும், அழுகையும் முட்டும். அவசரப்படக் கூடாது. காவல்காரரிடம் கேட்க வேண்டும்: 'நான் அவளைப் பார்க்கலாமா? எதுக்கு பயப்படுறீங்க?' வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காவலை மீறி உள்ளே போனால் அன்றைக்கே தீயணைப்பவர்கள் ஓடிவருவார்கள். அந்த ராத்திரி ரீல்ஸ் ஒன்றரை மணியோடு முடியாது. குடிப்பவர் குடிப்பார், கை நீட்டுபவர் நீட்டுவார்.

தனியாகச் செய்பவர்கள் இங்கேயே நிற்க வேண்டும் என்பது என் கருத்து. பாவாடைத் தையல் விட்டு விழுந்த அவமானம் போன்றவற்றைச் சிலர் தாங்களே சமாளித்துவிடலாம். அடி, உதை, பாலியல் வன்முறை, பெற்றவர் சாவு என்றால் துணையாக ஒரு பயிற்சி பெற்றவர் எதிரே இருந்தே ஆக வேண்டும்.

## படி 7: சுமை இறக்குதல் (சிகிச்சையாளரோடு மட்டும்)

அனுமதி கிடைத்த பிறகு, சிகிச்சையாளர் துணையோடு, வளர்ந்த அக்கா அந்த மேடைக்குப் போகிறார். பிள்ளைக்கு அன்று என்ன தேவைப்பட்டதோ அதைச் செய்கிறார். ஒரு துண்டைப் போர்த்தி, கையைப் பிடித்து, சிரிக்கிறவர்களைக் கடந்து வெளியே கூட்டி வருகிறார். அன்று முதல் அந்தப் பிள்ளை சுமந்த 'நான் கேலிக்குரியவள்' என்ற எண்ணத்தை எங்கே போடலாம் என்று அவளையே கேட்பார்கள். நெருப்பில், காற்றில், தண்ணீரில், மண்ணில் என்று எதுவும் சொல்லலாம். முளைப்பாரியைக் கரைத்துப் பழகிய ஊர்க்காரிக்குத் தண்ணீர் என்று சொல்லத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

பிறகு டீச்சரிடம் கேட்க வேண்டும்: 'காவல் வேலை முடிஞ்சது. இனி என்ன வேலை பாக்க ஆசை?' அக்காவின் டீச்சர் கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் நின்று, துணி வெட்டுமுன் அளவை ஒரு தடவை சரிபார்க்கிற வேலையைக் கேட்டார். ஒரு தடவை மட்டும்.

கோடாங்கிச் சடங்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது. தமிழ்ச் சடங்குகளைப் பற்றி 2000இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், இளம் மனைவியரைப் பிடிக்கும் பேய்கள் பெரும்பாலும் காதலில் தோற்றுச் செத்த ஆண்களாகச் சொல்லப்படுவதையும், பேயை ஓட்டிய பிறகு அந்தப் பெண் புருஷன் வீட்டு மனைவியாகத் திரும்ப வைக்கப்படுவதையும் எழுதினார். அவளுக்குள் எதையோ கேட்ட குரலுக்கு என்ன பதில் கிடைத்தது? அவளுடைய முடிக்கற்றையோடு மரத்தில் அறைந்த ஓர் ஆணி. அந்தச் சடங்கு தரும் ஆறுதலை நான் மறுக்கவில்லை. ஊரே கூடி ஒரு பெண் பேசுவதைக் கேட்கிற நேரம் வேறு எப்போது வாய்க்கிறது? ஆனால் விரட்டும் எண்ணம் முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தர்கா உள்ள ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். பின்னாளில் அந்தத் தர்காவிலேயே துவாவோடு மருந்தும் தரும் ஏற்பாடு வந்தது.

## வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

'கெட்ட பகுதி என்று ஒன்று இல்லை' என்பதைச் சில ஆண்கள் சந்தோஷமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பொண்டாட்டியை அடித்துவிட்டு 'நான் அடிக்கல, என் தீயணைப்புப் பகுதி அடிச்சது' என்பது செல்லாது. பகுதியின் நோக்கத்தைப் புரிந்துகொள்ளலாம், செயலுக்குப் பொறுப்பு முழு ஆளுக்குத்தான். காவல் நிலையத்தில் பகுதிக்குத் தனி எஃப்ஐஆர் போட மாட்டார்கள்.

அடுத்தவர் பகுதிகளுக்கு நீங்கள் பெயர் வைக்காதீர்கள். மாமியாரிடம் 'அத்தே, இது உங்க நிர்வாகி பேசுறது' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

உள்ளே தெரிகிற காட்சியெல்லாம் நடந்த உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கற்பனையும் நினைவும் அங்கே கலந்துதான் வரும். அமெரிக்காவில் இந்த முறையைக் கையாண்ட ஓர் உணவுக்கோளாறு சிகிச்சை மையத்தின்மீது, தங்களுக்குள் பொய் நினைவுகளை விதைத்துவிட்டார்கள் என்று முன்னாள் நோயாளிகள் வழக்குப் போட்டார்கள். சிகிச்சையாளர் 'சின்ன வயசுல யாராவது தொட்டாங்களா? நல்லா யோசிங்க' என்று வலியத் தூண்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

## பலன் உண்டா? ஆதாரம் எவ்வளவு?

கொஞ்சம்தான். பேசப்படுகிற அளவுக்கு இல்லை. 2013இல் ஜர்னல் ஆஃப் ரூமட்டாலஜி வெளியிட்ட ஆய்வில் முடக்குவாத நோயாளிகள் 79 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒன்பது மாதம் இந்த முறையில் சிகிச்சையும் மற்றதற்கு நோய்பற்றிய கல்வியும் கொடுத்தார்கள். இந்த முறையில் இருந்தவர்களுக்கு வலியும் மனச்சோர்வும் குறைந்தன. சிறுவயதுக் கொடுமைகளை அனுபவித்த பெரியவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில் 17 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவும் இல்லை. முடிவு நம்பிக்கையூட்டியது, ஆனால் 17 பேரை வைத்து ஊருக்கே தண்டோரா போட முடியாது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிபிடி என்ற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு இதைவிடப் பல மடங்கு ஆதாரம் உண்டு. டாக்டர் அதைச் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

## மதுரையில் எங்கே போவது, என்ன கேட்பது

இந்த முறையின் பெயரைப் போர்டில் எழுதியிருப்பவரைத் தேடி அலைய வேண்டாம். முதலில் நல்ல மனநல மருத்துவர், அவர் சொன்னால் சிகிச்சையாளர். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அலங்காநல்லூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம், காலையிலேயே போய்ச் சீட்டுப் போடுங்கள். மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் மதுரையில் மனநலப் பணி செய்துவருகிறது.

சிகிச்சையாளரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியவை: கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உண்டா? உட்குடும்ப முறையில் பயிற்சி பெற்றது எங்கே, எத்தனை நாள்? நான் தாங்க முடியாமல் அழுதால் என்ன செய்வீர்கள்? தேவைப்பட்டால் எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள், ஆகவே கேட்பதில் கூச்சம் வேண்டாம். கோபித்துக்கொள்பவர் உங்களுக்கு ஏற்றவர் இல்லை.

போகும்போது ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த நேரத்தில் தொல்லை வருகிறது, உடம்பில் எங்கே தெரிகிறது, அப்போது உள்ளே யார் என்ன சொல்கிறார்கள். டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான், அந்தத் தாள் இருந்தால் பாதி வேலை முன்பே முடிந்திருக்கும்.

இன்றைக்கே யாரிடமாவது பேசியாக வேண்டும் என்றால், ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் 14416. இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.